நோட்டைத் திருத்துவது யார்?

1894 ஜனவரியில், ஹங்கேரியின் ஜியோர் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த தானியேல் அரானி என்பவர் ஒரு மாத இதழைத் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித இதழ். அந்த நாட்டில் இன்றுவரை அதைச் சுருக்கமாகக் 'கோமால்' என்கிறார்கள். மாதாமாதம் அதில் கணக்குகள் அச்சாகும். நாட்டின் எந்த மூலையில் இருக்கிற பிள்ளையும் போட்டுப் பார்த்து, விடையை வழிமுறையோடு எழுதி, கெடு தேதிக்குள் தபாலில் அனுப்பலாம். வந்து குவிகிற தாள்களை இதழ்க்காரர்கள் உட்கார்ந்து படிப்பார்கள். எது அழகான தீர்வோ, அது அனுப்பிய பிள்ளையின் பெயரோடு பின்னால் வரும் இதழில் அச்சேறும். சில ஆண்டுகளில், நன்றாகப் போட்ட பிள்ளைகளின் புகைப்படத்தையும் வெளியிடத் தொடங்கினார்கள்.

திறமையான சிறு பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து பாடம் சொல்லித்தரும் ஏற்பாட்டின் வரலாற்றை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் பெற்றோர்கள் வருகிறார்கள். "சார், பய ஆறாங்கிளாஸ்தான். எட்டாங்கிளாஸ் கணக்கைப் போடுதான். எந்த ஆன்லைன் கிளாஸ்ல சேக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: "அங்க நோட்டைத் திருத்துறது யாருன்னு கேட்டீங்களா?" அவர்களுக்கு அது விளங்குவதில்லை. எத்தனை மணி நேர வீடியோ, எவ்வளவு கட்டணம், சான்றிதழ் உண்டா இல்லையா என்று சொல்கிறார்கள். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கு விளக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கதையில் இருக்கிறது.

அரானிக்குப் பிறகு 1896இல் இதழின் பொறுப்பு லாஸ்லோ ராட்ஸ் கைக்கு வந்தது. அவரும் வாத்தியார்தான், புடாபெஸ்டில் ஒரு லுத்தரன் பள்ளியில் வேலை. தலைநகரத்திலிருந்து வெகுதொலைவில் பேச் என்ற ஊர். அங்கிருந்து லிப்போட் வைஸ் என்ற பையன் விடைகள் அனுப்பிக்கொண்டே இருந்தான். வைஸ் மறுபடியும் ஒரு நல்ல தீர்வு அனுப்பியிருக்கிறான் என்று தம் வகுப்பில் ராட்ஸ் சொல்வாராம். முகம் தெரியாத பையனைப் பற்றி, அவனை ஒரு நாளும் பார்த்திராத பிள்ளைகளிடம்! அந்தப் பையன்தான் பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டு லிப்போட் ஃபேயர் என்ற கணித மேதையானான். ஃபான் நாய்மனும் பால் எர்டிஷும் அவரிடம் படித்தவர்கள்.

முதல் உலகப்போரில் நின்றுபோன இதழ் 1925இல் மீண்டும் வந்தது. எர்டிஷ், செக்கரெஷ், எஸ்தர் கிளைன் என்று ஒரு தலைமுறையே அதில் கணக்குப் போட்டு வளர்ந்தது. புடாபெஸ்டில் அவர்கள் சந்தித்துக் கொள்ளும்போது பாதிப் பேருக்கு மற்றவர் பெயரும் முகமும் இதழ் வழியாக முன்பே பழக்கம். எஸ்தர் கிளைன் கண்ட ஒரு வடிவியல் புதிரிலிருந்து எர்டிஷும் செக்கரெஷும் 1935இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1937இல் எஸ்தரும் செக்கரெஷும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தப் புதிருக்கு எர்டிஷ் 'சுபமாக முடிந்த கணக்கு' என்று பொருள்படப் பெயர் வைத்தார்.

தனியாகப் பிள்ளைகளைத் தேட வேண்டிய தேவை என்ன? எண்ணிக்கைதான் காரணம். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் நான் நடத்துவது நடுவில் இருக்கிற முப்பது பேருக்கு. பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு வைக்க அரசாணை உண்டோ இல்லையோ, மனசு உண்டு. பயிற்சிக் கணக்கை முதல் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்க்கிற அந்த ஒரு பிள்ளைக்கு என்று எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளை ஒரு பள்ளியில் ஒன்று இருக்கும்; சில வருஷம் அதுவும் இருக்காது. ஒரு பிள்ளைக்காக யாரும் ஒரு வகுப்பு திறக்க முடியாது. ஒரு நாடு முழுவதும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் தேறும். ஆகவே தூரத்தைக் கடக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். அரானிக்குத் தபால்காரர் கிடைத்தார்.

அதே காலத்தில் நம் பக்கம் கும்பகோணத்தில், 1903 வாக்கில், பள்ளி மாணவர் இராமானுஜன் கையில் ஜி.எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பு கிடைத்தது. தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் தொகுத்த நூல் அது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும். நிரூபணம் அநேகமாக இருக்காது, இருந்தாலும் ஒரு வரிச் சாடைதான். இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். புதிதாகக் கண்டதை அதே பாணியில் முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். எடுத்துப் படித்து, "இந்தப் படி எங்கேப்பா?" என்று கேட்க ஆள் இல்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையையும் இழந்தார்.

1907இல் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரின் முயற்சியில் இந்தியக் கணிதச் சங்கம் உருவானது. அதன் இதழிலும் கேள்விப் பகுதி இருந்தது. 1911இல் இராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவையின் மதிப்பு என்ன? ஆறு மாதமாக யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் கேட்டவரே எழுதினார்: விடை 3. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகத்துக் குமாஸ்தாவாக அவர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய கடிதத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி எழுதிய பதிலில் திரும்பத் திரும்பக் கேட்டது நிரூபணம். ஹங்கேரியில் பதினான்கு வயதுப் பையன் மாதம் ஒருமுறை பெற்றுக்கொண்டிருந்த திருத்தம், நம் இராமானுஜனுக்கு இருபத்தைந்து வயதில், கடல் தாண்டிக் கிடைத்தது. இதனால் அவருடைய மேதைமை குறைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே உலகம் கண்டுபிடித்து வைத்திருந்ததைத் தாமும் தனியே கண்டுபிடிப்பதில் அவருடைய எத்தனையோ இளம் ஆண்டுகள் கழிந்தன என்பதை ஹார்டியே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

இதைத் தம் சொந்த வாழ்க்கையில் அறிந்தவர் இஸ்ரேல் கெல்ஃபாண்ட். 1913இல் உக்ரைனின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் குடல்வால் அறுவைக்குப் போக வேண்டியிருந்தபோது, உயர்கணிதப் புத்தகம் வாங்கித் தந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று பெற்றோரிடம் அடம் பிடித்தாராம். பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே மாஸ்கோ போய், கிடைத்த வேலைகளைச் செய்து, பட்டம் இல்லாமலேயே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவரானார். அவர் 1964இல் மாஸ்கோவில் ஓர் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். மாஸ்கோப் பிள்ளைகளுக்கு நகரத்திலேயே கணித வட்டங்கள் இருந்தன. அஞ்சல் பள்ளி, கணித வட்டத்தையே கண்டிராத சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும்.

நடைமுறை எளிது. நுழைவுக் கணக்குகளை வெளியிடுவார்கள். போட்டு அனுப்பிய பிள்ளைக்குச் சிறு புத்தகங்கள் வரும். ஒரு புத்தகம் படித்து, கணக்குகளை நோட்டில் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். நோட்டு திருத்தப்பட்டுத் திரும்பி வரும். மதிப்பெண்ணோடு நிற்காது, எங்கே வாதம் அறுந்தது, வேறு எப்படிப் போகலாம் என்ற குறிப்பும் இருக்கும். ஒரு பள்ளியில் ஆர்வமுள்ள சில பிள்ளைகள் தங்கள் வாத்தியாரோடு சேர்ந்து 'ஒரே மாணவர்' என்ற கணக்கில் சேரவும் வழி இருந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், வாத்தியாரும் கூடவே படிக்கிறாரே!

இவ்வளவு நோட்டுகளையும் திருத்தியது யார்? பேராசிரியர்கள் அல்ல. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், பதினெட்டு இருபது வயதுக்காரர்கள். கெல்ஃபாண்டின் உண்மையான கண்டுபிடிப்பு இது என்பேன். பாடப் புத்தகம் எழுத நாலு பேர் போதும். திருத்த நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். அந்த ஆட்படை எங்கே இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். 1970இல் கணித அறிஞர் கல்மகோரவும் இயற்பியலாளர் கிக்கோயினும் தொடங்கிய 'குவாந்த்' இதழ் இந்த அஞ்சல் பள்ளிகளுக்குப் பெரிய துணையானது.

அந்த அலையின் ஒரு பாதி நம் ஊருக்கும் வந்தது. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் சோவியத் நூல்களைக் கொண்டுவந்து, நம்ப முடியாத மலிவு விலையில் விற்றது. மீர் பதிப்பகத்தின் சிறு கணித நூல்கள் ஆங்கிலத்தில், பெரல்மானின் நூல்கள் தமிழிலேயே. திருநெல்வேலியில் வாங்கிய அந்த மெல்லிய புத்தகங்களை நான் பள்ளி மேசை டிராயரில் வைத்திருப்பேன். வேப்பமரத்தைப் பார்க்கிற பிள்ளை கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பாடம் நடத்தப் போவேன். புத்தகம் வந்தது, அதை எழுதியவர்கள் ஊரில் இருந்த திருத்தும் கை வரவில்லை. அந்தக் கைக்குப் பதிலாக என்னுடைய சிவப்புப் பேனா. பல கணக்குகளில் அந்தப் பேனாவுக்கே துணை தேவைப்பட்டது.

சோவியத்தில் தபால் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பி ஓடத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் சூப்பீஸ், 1960களின் நடுவில், ஆரம்பப் பள்ளிகளில் தட்டச்சு முனையங்களை வைத்து அவற்றைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்தார். இயந்திரம் காகிதத்தில் ஒரு கணக்கை அடிக்கும். பிள்ளை விடையைத் தட்டும். தவறானால் 'இல்லை, மறுபடி செய்' என்று அடிக்கும். தாமதித்தால் 'நேரம் முடிந்தது'. கலிபோர்னியாவில் இருக்கும் கணினி, மிசிசிப்பி மாநிலத்து மெக்கோம் என்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் கணக்குக் கொடுத்தது. இன்று ஆன்லைன் கல்வி என்று நாம் சொல்வதன் எலும்புக்கூடு முழுதும் அங்கே இருக்கிறது. 1966இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், அலெக்ஸாண்டருக்கு அரிஸ்டாட்டில் வாய்த்ததுபோல் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர் வாய்க்கும் காலம் வருகிறது என்று கணித்தார்.

தபால் ஒரு மாதம் எடுத்துக்கொண்ட வேலையை முனையம் ஒரு நொடியில் செய்தது. ஆனால் அது பார்த்தது விடையை மட்டும். நம் திருத்தும் மையங்களில் 'ஸ்டெப் மார்க்' என்று ஒன்று உண்டு. கடைசி விடை தப்பானாலும், வந்த வழியில் எத்தனை படி சரியோ அத்தனைக்கும் மதிப்பெண் போட வேண்டும். இயந்திரத்துக்கு அந்தக் கண் இல்லை. வாய்ப்பாடு பழகுகிற பிள்ளைக்கு இது பெரிய குறையில்லை. யாரும் சொல்லித்தராத வழியில் கணக்கைப் போடுகிற பிள்ளைக்கு இதுதான் முழுக் குறை.

இடையில் பால்டிமோரில் இன்னொரு வேலை நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி, 1972 மார்ச்சில், பதின்மூன்று வயதை ஒட்டிய சுமார் 450 பிள்ளைகளை உட்காரவைத்து, கல்லூரியில் சேர விரும்பும் பெரிய மாணவர்கள் எழுதும் சாட் தேர்வை எழுதச் சொன்னார். பெரியவர்களையும் மிஞ்சிச் சில பிள்ளைகள் மதிப்பெண் எடுத்தார்கள். பள்ளித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குகிற எல்லாரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். உயரமான அளவுகோலை வைத்தால்தான் யார் எவ்வளவு உயரம் என்று தெரியும். 1979இல் அங்கே திறமையான இளம் மாணவர்களுக்கென்று தனி மையம் உருவானது. கண்டுபிடித்தாயிற்று, ஆனால் கோடையில் மூன்று வாரம் வரவழைத்துப் பாடம் நடத்தி அனுப்பியபின், மீதி மாதங்களில் அந்தப் பிள்ளை தன் ஊரில் என்ன செய்யும்?

அதற்கு விடையாக மீண்டும் சூப்பீஸ் வருகிறார். 1985இல் அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் உதவியோடு, நுண்கணிதத்தைக் கணினி வழியே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடத்தை அவர் குழு எழுதத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் அது திறமையான இளையோருக்கான ஸ்டான்ஃபோர்டின் கல்வித் திட்டமாக விரிந்தது. பாடம் குறுந்தகட்டில் வீட்டுக்கு வரும். சந்தேகத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஒரு பயிற்றுநர் இருப்பார். கவனியுங்கள்: தட்டச்சு முனையக் காலத்தில் இயந்திரமே போதும் என்று தோன்றிய இடத்தில், முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகு, ஒரு மனிதரைச் சேர்த்திருக்கிறார்கள். சூப்பீஸே சிறுவயதில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், திறமையான பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு கல்விச் சோதனையில் படித்தவர். 2006இல் அந்தத் திட்டத்திலிருந்து முழுநேர இணைய உயர்நிலைப் பள்ளி ஒன்றும் பிறந்தது. பிள்ளைகள் குறித்த நேரத்தில் கூடி, கைதூக்கி, வாதாடிப் படிக்கிற பள்ளி.

இணையம் பரவியபின் வந்தவற்றில் நான் விரும்பிப் பார்ப்பது 'ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்' தளத்தின் முறை. ரிச்சர்ட் ருசிக் 1993இல் நண்பரோடு சேர்ந்து அந்தப் பெயரில் புத்தகம் எழுதினார். 2003இல் தளம் தொடங்கினார். வகுப்பில் வீடியோ இல்லை, குரல் இல்லை, வெறும் எழுத்து. ஆசிரியர் ஒரு கேள்வியைத் தட்டுவார். பிள்ளைகள் எல்லாரும் பதில் எழுதுவார்கள். அவை முதலில் ஆசிரியருக்குப் போகும். அவர் தேர்ந்தெடுத்ததுதான் எல்லார் திரையிலும் தெரியும். முந்திக்கொண்டு விடையைக் கத்துகிற பையன் இங்கே வகுப்பைக் கெடுக்க முடியாது. கூச்சப்படுகிற பிள்ளை எழுதியதும் படிக்கப்படும். வீட்டுக்கணக்கில் சிலவற்றை முழு நிரூபணமாக எழுதி அனுப்ப வேண்டும். மனிதர்கள் படித்துக் குறிப்பெழுதித் திருப்புவார்கள். பார்க்கப்போனால் கோமாலின் தபால்பெட்டி, வேகம் மட்டும் கூடியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை இப்படியான அமெரிக்க வகுப்பு ஒன்றுக்காக, பால்காரர் வருவதற்கு முன்பே எழுந்து உட்காருகிறாள்.

2012இல் அலை வேறு பக்கம் திரும்பியது. எம்ஐடியின் மின்சுற்றுப் பாடம் ஒன்று இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. நடத்திய அனந்த் அகர்வால் சென்னை ஐஐடியில் படித்தவர். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவுசெய்தார்கள். சுமார் 7,000 பேர் தேறினார்கள். 340 பேர் முழு மதிப்பெண் பெற்றார்கள், அதில் ஒருவன் மங்கோலியாவின் உலான்பாதரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பள்ளி மாணவன். உலகப் பத்திரிகைகள் அவனைக் கொண்டாடின: பாருங்கள், இணையம் இருந்தால் போதும், மேதை எங்கிருந்தும் வருவான் என்று. ஆனால் செய்தியின் கீழ்ப் பத்திகளையும் படிக்க வேண்டும். அவனுடைய பள்ளித் தலைமையாசிரியர் எம்ஐடியில் படித்துத் திரும்பியவர். அவர்தான் அந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒருவரை வரவழைத்து, சுற்றுகளைக் கையால் இணைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆய்வக வசதியும் செய்து கொடுத்தார். வீடியோ மாசசூசெட்ஸிலிருந்து வந்தது. அவன் செய்ததைப் பார்த்த கண் பக்கத்திலேயே இருந்தது.

நம் பக்கமும் எதுவும் நடக்காமல் இல்லை. 1965 முதல் சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு நடத்துகிறது, அவர்களுக்கென்றே ஒரு கணித இதழும் வெளியிடுகிறது. என் பிள்ளைகளைத் தேர்வெழுத பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறேன். போகிற வழியிலேயே அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம், தேர்வைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது. ஐஐடிகளின் இணையப் பாடங்கள் 2003 முதல் கல்லூரிக்காரர்களுக்குக் கிடைக்கின்றன. 2022இல் சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளும் சேரக்கூடிய கணிதச் சிந்தனைப் பாடத்தை இலவசமாகத் தொடங்கியது. பாடம் கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. என் டிராயரில் இருந்ததைப்போல் ஆயிரம் மடங்கு, ஒரு செல்போனில் இருக்கிறது.

கிடைக்காதது திருத்தும் ஆள். அதற்குக் கெல்ஃபாண்ட் காட்டிய வழி நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கணிதத்தில் எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். மாவட்டத்துக்குப் பத்துப் பேர், ஒவ்வொருவரிடமும் பத்துப் பிள்ளைகளின் நோட்டு, மாதம் ஒரு தடவை. முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் சேர்த்தால் 3,800 பிள்ளைகள். தபால் செலவும் இல்லை. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும். கணக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, சந்தேகம் வந்தால் கேட்க, ஒவ்வொரு ஊரிலும் என்னைப்போல் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் சும்மாதான் இருக்கிறோம். திருத்துகிற கல்லூரிப் பிள்ளைக்கும் இதில் லாபம் உண்டு. அடுத்தவர் எழுதிய நிரூபணத்தில் ஓட்டை எங்கே என்று தேடிப் பழகியவர் தம்முடையதை ஒழுங்காக எழுதுவார். அதைவிடப் பெரிய லாபம் சில ஆண்டுகள் கழித்துத் தெரியும். முதல் அணியில் நோட்டு அனுப்பிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது, அடுத்த அணியைத் திருத்த ஆள் தேட வேண்டியிருக்காது.